அரை நிமிட இழுவை

மலாக்காவின் காஜா பெராங்கில் கருணாகரனுக்கு ஒரு பட்டறை இருந்தது என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் அது அவனுடையது இல்லை. மச்சான் ஜெயபாலனின் வீட்டுக் கார் நிற்கும் கொட்டகைதான் பட்டறை. கொட்டகைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில்தான் அவனும் அவன் மனைவி கமலவேணியும் குடியிருந்தார்கள். கமலவேணி ஜெயபாலனின் ஒரே தங்கை. கல்யாணமான வருஷமே, "மாப்பிள்ள, நம்ம வீட்டுலயே இரு. கார் வயரிங் தெரிஞ்சவன் மலாக்காவுல எத்தன பேரு? வேல தானா வந்து விழும்" என்று சொல்லி ஜெயபாலன் கூட்டி வந்தார். வேலை வரத்தான் செய்தது. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் ஜெயபாலனைக் கேட்டுத்தான் வந்தார்கள். கருணாகரன் ஒரு டைனமோவைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்வார். ஆறு வருஷமாக அவன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜெயபாலன் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். தீபாவளிக்குத் தங்கைக்கு ஒரு புடவை என்றால் மாப்பிள்ளைக்கும் ஒரு சட்டை எடுத்து வருவார். அந்தச் சட்டையும் அவருக்குப் பிடித்த நிறத்தில்தான் இருக்கும்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ரப்பர்த் தோட்டங்களில் கிழட்டு மரங்களை வெட்டிச் சாய்த்துப் புதுக்கன்று நடும் வேலை மும்முரமாக நடந்த காலம். ஆயர் குரோவுக்கு அப்பால் காட்டோரமாக இருந்த ஒரு தோட்டத்தில் மரம் வெட்டும் குத்தகை ஜெயபாலனுக்குக் கிடைத்தது. அதற்காகப் பழைய லேண்ட்ரோவர் ஒன்றை வாங்கினார். அந்தப் பக்கத்துச் செம்மண் பாதையில் மழை பெய்தால் மாட்டு வண்டிகூடப் புதைந்து நிற்கும்.

"மாப்பிள்ள, முன்னாடி ஒரு விஞ்ச் வேணும். சேத்துல மாட்டினா மரத்துல கட்டி இழுத்துக்கணும். மேல ரெண்டு பெரிய லைட்டும் போடு" என்றார்.

கருணாகரனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பட்டாளத்துக்காரர்கள் கழித்துப் போட்ட சாமான்களிலிருந்து கம்பி வட உருளையைக் கையால் சுற்றும் விஞ்ச் ஒன்றைத் தேடிப் பிடித்தான். அதன் கைப்பிடியை எடுத்துவிட்டு லாரியின் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பொருத்தினான். எஞ்சினைக் கிளப்புவதற்காகச் செய்த மோட்டார் அது. அரை நிமிடத்துக்கு மேல் ஓட்டினால் சூடேறி எரிந்துவிடும். அரை நிமிடம் இழுத்தால் இரண்டு நிமிடம் ஆறவிட வேண்டும். அது தின்கிற மின்சாரத்துக்கு வண்டியின் பேட்டரி காணாது என்பதால், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் பெட்டி அடித்து இரண்டாவது பேட்டரி ஒன்றை வைத்தான். எஞ்சினுக்கு முதல் பேட்டரி, விஞ்சுக்கும் மேல் விளக்குகளுக்கும் இரண்டாவது. பெருவிரல் பருமனுள்ள கேபிளை வண்டியின் அடியில் ஓட்டி, ஒவ்வொரு சாணுக்கும் தோல் பட்டை போட்டு இறுக்கினான். அவ்வளவு சுத்தமான வேலையை அவன் அதுவரை செய்ததில்லை.

இரண்டாவது பேட்டரி புதியது. ஆசிட் ஊற்றிய பிறகு பதினாறு மணி நேரமாவது சார்ஜில் கிடக்க வேண்டும். சனிக்கிழமை மதியம் புறப்படுவதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலமே சார்ஜில் போட்டிருக்க வேண்டியவன், அன்று சைக்கிளை எடுத்துக்கொண்டு தெங்கேராவுக்குப் போய்விட்டான். அங்கே மெயின் ரோட்டில் ஒரு கடை வாடகைக்கு விடுவதாகக் கேள்விப்பட்டிருந்தான். கடைக்காரச் சீனர் பேச்சுக்காரர். கடையைக் காட்டினார், காப்பி கொடுத்தார், தன் மகன்களைப் பற்றிச் சொன்னார். முன்பக்கம் இரண்டு கார் நிறுத்தலாம், பின்னால் கிணறு. கருணாகரன் அந்த வெற்றுத் தரையில் நின்று, எங்கே மேசை போடுவது, எங்கே சார்ஜர் வைப்பது என்று மனசுக்குள் அளந்துகொண்டே இருந்ததில் நேரம் போனது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டான். கமலவேணியிடம்கூடச் சொல்லவில்லை.

பேட்டரியின் ஞாபகம் மறுநாள் காலை ஒன்பது மணிக்குத்தான் வந்தது. ஓடிப் போய்ச் சார்ஜில் போட்டான். இரண்டு மணிக்கு ஜெயபாலன் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன மாப்பிள்ள, ரெடியா?"

"இன்னும் ஆகல, நேத்து போட மறந்துட்டேன்" என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அடுத்த கேள்வி "நேத்து எங்க போயிருந்த?" என்று வரும்.

"ரெடி மச்சான்" என்றான்.

"அப்ப நீயும் ஏறு. உன் வேலய நீயே வந்து பாரு."

வண்டியை ஓட்டியது பிச்சை. ஐம்பது வயசுக்காரர், ஒடிசலான ஆள், ஜெயபாலனிடம் பத்து வருஷமாக டிரைவர். கருணாகரன் பின்னால் பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். செட்டிக் கம்பத்துக் குடியிருப்பைத் தாண்டி, ஊரைத் தாண்டி, ஆயர் குரோ பாதையில் வண்டி திரும்பும்போதே காட்டின் மேல் மேகம் கறுத்துக் கிடந்தது. பெட்டி மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டே வந்தான். ஐந்து மணி நேரம் சார்ஜ் ஏறியிருக்கிறது, விஞ்சுக்கு இன்றைக்கு என்ன வேலை வந்துவிடப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. போகும்போது கணுக்கால் அளவு ஓடிய ஓடை, வரும்போது மரப்பாலத்தின் ஒரு கட்டையை அடித்துக்கொண்டு போயிருந்தது. மணி ஐந்தரை. பிச்சை வண்டியை நிறுத்தினார்.

"மொதலாளி, தோட்டத்துக்கே திரும்பிடலாம்."

"விஞ்ச எதுக்குப் போட்டிருக்கோம்? பாலத்துக்குப் பக்கத்துல ஓடையில எறக்கு. மாட்டினா இழுத்துக்கலாம்."

வண்டி கரையில் இறங்கி ஓடைக்குள் பாதி போனது. முன்சக்கரங்கள் சேற்றில் அழுந்தின. தண்ணீர் எஞ்சினுக்குள் தெறித்தது. இரண்டு முறை இருமிவிட்டு எஞ்சின் நின்றது. பிச்சை திருப்பித் திருப்பி முடுக்கிப் பார்த்தும் கிளம்பவில்லை.

"சரி மாப்பிள்ள, உன் மிஷின எடு" என்றார் ஜெயபாலன். குரலில் உற்சாகம் இருந்தது.

கருணாகரன் இறங்கினான். தண்ணீர் தொடை வரை இருந்தது. வண்டிக்கு முன்னால் ஓர் எட்டுத் தூரத்தில், வெட்டிச் சாய்த்த பெரிய ரப்பர் மரம் ஒன்று வெள்ளத்தில் வந்து, வண்டிக்குக் குறுக்காகச் சிக்கிக் கிடந்தது. அதற்கும் வண்டிக்கும் நடுவில் நின்று குனிந்து, விஞ்சின் உருளையை விடுவித்துக் கம்பி வடத்தை உருவத் தொடங்கினான். எதிர்க்கரையில் இருக்கும் மரத்தில் அதைக் கட்ட வேண்டும்.

அப்போதுதான் பின்சக்கரங்களுக்கு அடியில் இருந்த கரை இடிந்தது. வண்டி பெரிய சத்தம் ஏதும் இல்லாமல் ஓர் எருமை உட்காருவது போல முன்னால் சரிந்து வந்தது. கருணாகரன் ஒதுங்குவதற்குள் பம்பர் அவன் இடது காலை முழங்காலுக்கு மேலே மரத்தோடு சேர்த்து அழுத்திவிட்டது. எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கு மட்டும் கேட்டது. அவன் கத்தியது மற்ற இரண்டு பேருக்கும் கேட்டது.

ஜெயபாலனும் பிச்சையும் குதித்து வந்து பம்பரைத் தூக்கப் பார்த்தார்கள், தள்ளப் பார்த்தார்கள். வண்டி அசையவில்லை. கருணாகரன் பானட்டின்மேல் மார்பைச் சாய்த்துக்கொண்டு நின்றான். நின்றான் என்றும் சொல்ல முடியாது, பிடிக்கப்பட்டிருந்தான். தண்ணீர் அவன் இடுப்புக்கு வந்திருந்தது. மழை விடவில்லை. மேட்டில் பெய்கிற தண்ணீரெல்லாம் இந்த ஓடைக்குத்தான் வந்தாக வேண்டும்.

ஜெயபாலன் தடுமாறி ஓட்டுநர் இருக்கைக்கு ஓடினார். "விஞ்ச் இருக்குல்ல! பிச்ச, அந்தக் கயித்த எதிர்க்கர மரத்துல மாட்டு!"

"வேண்டாம் மச்சான்!" கருணாகரன் அலறினான். "அது வண்டிய முன்னாடி இழுக்கும். என்மேல ஏறிடும்!"

ஜெயபாலனின் கை விஞ்ச் சுவிட்சில் இருந்தது. நெருப்பைத் தொட்டவர்போலக் கையை எடுத்துக்கொண்டார்.

பிச்சை ஓடிப் போய்த் தோட்டத்து ஆட்களைக் கூட்டி வருவதாகச் சொன்னார். மூன்று மைல் போய் மூன்று மைல் வர வேண்டும். அவர் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் கருணாகரனின் தொப்புளைத் தொட்டது. இரண்டு பேரில் ஒருவர் போனாலும் இன்னொருவர் பயந்து ஓடிவிடுவார் என்று அவனுக்குத் தோன்றியது. தனியாக இந்த மரத்தோடு மரமாக நின்று, தண்ணீர் கழுத்துக்கு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்த நினைப்பு வந்ததும் வலியைவிடப் பயம் பெரிதாகிவிட்டது. பயம் பெரிதானதும் புத்தி வேலை செய்தது.

"பிச்சண்ணே, போகாதீங்க. கயித்த முன்னாடி கொண்டு போக வேணாம். வண்டிக்கு அடியில விட்டுப் பின்னால கொண்டு போங்க. பின்னாடி இருக்கிற மரத்துல கட்டுங்க. அப்ப விஞ்ச் வண்டிய பின்னால இழுக்கும்."

பிச்சை வண்டிக்கு அடியில் பார்த்தார். சேறும் தண்ணீரும் நுரைத்துக்கொண்டிருந்தன. சட்டையைக் கழற்றி வைத்தார். "தம்பி, நீ கயித்த விட்டுக்கிட்டே இரு. நிறுத்திடாத" என்று சொல்லிவிட்டு, வடத்தின் கொக்கியைப் பிடித்துக்கொண்டு மூழ்கினார்.

விஞ்ச் கருணாகரனின் கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது. கால் மாட்டியிருந்தாலும் கை ஓடியது. இரண்டு கையாலும் உருளையைச் சுற்றி வடத்தை விட்டுக்கொண்டே இருந்தான். ஒருமுறை வடம் இழுபடுவது நின்றது. மறுபடி ஒரு வெட்டு வெட்டி இழுபட்டது. வண்டியின் பின்னால் பிச்சை இருமுகிற சத்தம் கேட்டது.

அதற்குள் இருட்டிவிட்டது. ஜெயபாலன் மேல் விளக்குகள் இரண்டையும் போட்டார். காடே வெளுத்தது. மழைத்துளிகள் வெள்ளைக் கம்பிகளாகத் தெரிந்தன. இருட்டில் கிடந்தவனுக்கு அந்த வெளிச்சம் ஆறுதலாக இருந்தது, ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். பிச்சை வடத்தை மரத்தில் சுற்றிக் கட்டிக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் மஞ்சளாக மாறுவதைக் கருணாகரன் கண்டான். மற்றவர்களுக்குத் தெரியாத மஞ்சள். அவனுக்குத் தெரியும்.

"மச்சான், லைட்ட அணைங்க."

"அணைச்சா எப்படி? கயிறு எங்க போகுதுன்னே தெரியாது."

"அணைங்க மச்சான்."

"நீ சும்மா இரு, புதுப் பேட்டரிதானே—"

"அந்தப் பேட்டரி சார்ஜ் ஏறல!" தொண்டை கிழியச் சொன்னான். "பதினாறு மணி நேரம் போட்டிருக்கணும். அஞ்சு மணி நேரந்தான் போட்டேன். ரெடின்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். லைட்டும் விஞ்சும் அதே பேட்டரிதான். இப்ப அணைக்கலன்னா விஞ்ச் இழுக்காது."

விளக்குகள் அணைந்தன. அந்த இருட்டில் மழைச் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்டது. ஜெயபாலன் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. கோபத்தில் கிளம்பிப் போய்விட்டாரோ என்றுகூட நினைத்தான்.

"ஏன் போடல?" குரல் பக்கத்தில்தான் வந்தது.

"நேத்து சாயங்காலம் வீட்டுல இல்ல."

"எங்க போன?"

"தெங்கேராவுக்கு. கட பாக்க. தனியாப் போயிடலாம்னு."

தண்ணீர் விலாவை எட்டியிருந்தது. ஓடையில் வந்த ஒரு கிளை கருணாகரனின் முதுகில் மோதிச் சுழன்று போனது.

"முதல்ல கால வெளிய எடுப்போம்" என்றார் ஜெயபாலன். "சொல்லு, என்ன செய்யணும்?"

அவன் சொல்லச் சொல்ல அவர் செய்தார். முப்பது எண்ணும் வரை சுவிட்சை அழுத்த வேண்டும். பிறகு கையை எடுத்துவிட்டு நூற்றிருபது எண்ண வேண்டும். கருணாகரன்தான் எண்ணினான். முதல் முப்பதில் வடம் விறைத்து, வண்டி நடுங்கி, பம்பர் இன்னும் கொஞ்சம் காலில் அழுந்தியது. அவன் எண்ணிக்கையை விடாமல் அலறினான். இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று அலறலுக்குள்ளேயே எண்கள் வந்தன. இரண்டாவது முப்பதில் வண்டி ஒரு விரற்கடை பின்னால் போனது. மூன்றாவதில் மோட்டார் பன்னிரண்டு எண்ணும்வரை முனகிவிட்டு அடங்கியது. ஜெயபாலன் சுவிட்சை அழுத்த அழுத்த 'டிக், டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது.

"போச்சா?"

"இந்தப் பேட்டரி போச்சு. எஞ்சின் பேட்டரி இருக்கு. முடுக்கினதுல கொஞ்சம் போனாலும் மிச்சம் இருக்கு. பானட்டத் திறந்து அத எடுத்து இதுக்குப் பதிலா வைக்கணும்." சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து இருட்டில் நீட்டினான். அவர் கை அவன் கையைத் தேடி வந்து பிடித்தது. ஆறு வருஷத்தில் ஜெயபாலன் ஒரு தடவைகூட ஸ்பேனரைப் பிடித்தவர் இல்லை. பட்டறையில் நாற்காலியோடு சரி.

"எனக்கு ஒண்ணும் தெரியல மாப்பிள்ள. எது எந்தப் பக்கம்?"

"கண்ணால பாக்க வேணாம். விரலால பிடிச்சுப் பாருங்க. ரெண்டு முனை இருக்கும். ஒண்ணு தடிச்சது, ஒண்ணு மெலிஞ்சது. தெரியுதா?"

"இரு... இரு... ஆமா, இது தடிச்சிருக்கு."

"ரெண்டையும் கழட்டிட்டுப் பேட்டரியத் தூக்குங்க. பின்னால கொண்டு போய் வைங்க. அங்க உள்ள கேபிள்லயும் ஒண்ணு பெரிய வளையம், ஒண்ணு சின்ன வளையம். பெரிசு தடிச்சதுக்கு. மாத்தினா உக்காராது."

ஸ்பேனர் ஒருமுறை வழுக்கி எங்கோ உரசியதில் நீல நெருப்புத் தெறித்தது. அந்தக் கண நேர வெளிச்சத்தில் மச்சானின் முகத்தைப் பார்த்தான். சின்னப் பிள்ளை கணக்குப் போடுவதுபோல எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பிச்சையும் அவரும் சேர்ந்து பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வளையம் உட்காரவில்லை என்று ஜெயபாலன் இரண்டு தடவை கத்தினார். மூன்றாவது தடவை, "உக்காந்துடுச்சு!" என்றார். கருணாகரனின் நெஞ்சில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. குளிரில் பல் கிட்டியது. முப்பது என்பதற்கு முன்னால் என்ன எண் வரும் என்பதே மறந்துவிட்டது.

"நீங்க எண்ணுங்க மச்சான்" என்றான்.

ஜெயபாலன் எண்ணினார். மோட்டார் இந்த முறை முனகவில்லை, உறுமியது. பின்னால் மரம் கிறீச்சிட்டது. பதினெட்டு என்னும்போது காலின்மேல் இருந்த பாரம் சட்டென்று இல்லாமல் போனது. பிடி விட்டதும் அவன் அப்படியே தண்ணீருக்குள் போனான். வாயில் சேறு. யாரோ தலைமயிரைப் பிடித்து இழுத்தார்கள். பிச்சைதான்.

இருவரும் மாறி மாறி முதுகில் சுமந்து அவனைத் தார் ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ரப்பர் ஷீட் ஏற்றிப் போன லாரி ஒன்று நின்றது. ஷீட் மூட்டைகளின்மேல் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஆறு வாரம் தொடையில் எடை தொங்கவிட்டுக் கட்டிலிலேயே கிடந்தான். அங்கேயும் மாட்டிக்கொண்டதாகத்தான் தோன்றியது. தினமும் சாயங்காலம் ஜெயபாலன் வருவார், கையில் சாப்பாட்டு அடுக்கோடு. வந்ததும் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் ஆரம்பித்துவிடுவார். "எங்க மாப்பிள்ள செஞ்ச விஞ்சுங்க. கால் ஒடஞ்சு தண்ணிக்குள்ள நிக்கிறாரு, அங்கேர்ந்தே ரெண்டு பேட்டரிக்கும் வழி சொல்றாரு. மூளன்னா அது மூள." சார்ஜ் ஏறாத பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். தெங்கேராவைப் பற்றியும் கேட்க மாட்டார். கமலவேணியிடமும் சொல்லவில்லை என்பது கருணாகரனுக்குத் தெரிந்தது. இவ்வளவு பெரிய மனசு படைத்த மனுஷனிடம் இனி எந்த வாயால் போகிறேன் என்று சொல்வது? ஒவ்வொரு சாயங்காலமும் அந்தக் கதை அவனைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கியது.

நான்காவது வாரம், ஜெயபாலன் மருந்து கட்டுபவரிடம் அதே கதையைச் சொல்லி "எங்க மாப்பிள்ள செஞ்ச விஞ்சு" என்னும் இடத்துக்கு வந்தபோது கருணாகரன் குறுக்கிட்டான். கமலவேணியும் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பேட்டரிய நான் சார்ஜ் பண்ணல. ரெடின்னு பொய் சொன்னேன். அத விட்டுட்டுச் சொல்லாதீங்க மச்சான்."

மருந்து கட்டுபவர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ஜெயபாலன் சுற்றுமுற்றும் பார்த்தார். "அது உனக்கும் எனக்கும் தெரிஞ்சது போதாதா?"

"போதாது. எழுந்து நடக்க முடிஞ்சதும் நாங்க தனியாப் போறோம்."

"நான் என்ன குற வச்சேன் உனக்கு?"

"ஒண்ணும் வைக்கல" என்றான் கருணாகரன். வேறு எப்படிச் சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. ஜெயபாலன் சாப்பாட்டு அடுக்கை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு அவர் வரவில்லை, சாப்பாடு மட்டும் பிச்சையின் கையில் வந்தது.

அன்று கமலவேணி அடுக்கைத் திறந்து பரிமாறினாள். பிறகு, "எங்கிட்டகூடச் சொல்லணும்னு தோணலயா?" என்று கேட்டாள். அண்ணனை விட்டுப் போவதைவிட அதுதான் அவளுக்கு வலித்தது என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. "தப்புதான்" என்றான். அவள் குழம்பை ஊற்றினாள்.

அவன் பார்த்து வைத்த கடையை அதற்குள் ஒரு சைக்கிள் வியாபாரி எடுத்துவிட்டார். தை மாதம் அதே தெங்கேராவில், கடலோரமாக, ஒரு முன்னறையும் தட்டி வைத்து மறைத்த பின்னறையும் உள்ள இடம்தான் கிடைத்தது. கார் ஒன்றுதான் நிறுத்தலாம். ஜெயபாலன் சாமான் ஏற்ற வரவில்லை. ஆனால் அவர்கள் வண்டி பிடிக்கக் கிளம்பியபோதே பிச்சை லாரியோடு வாசலில் நின்றார். "மொதலாளி சொல்லல, நானாத்தான் வந்தேன்" என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது.

குடிபோன முதல் நாள் சாயங்காலம் கடல் வற்றியது. ஜன்னல் வழியாகச் சேற்று வாடை அறைக்குள் வந்தது. பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்த கமலவேணி திரும்பிப் பார்த்தபோது, கருணாகரன் அக்குள் கட்டையை ஊன்றி எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு, அதன்மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றான். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. சேத்து வாட."

"தெனம் ரெண்டு வேள தண்ணி வத்தும் இங்க" என்றாள் அவள். "தெனம் சாத்திக்கிட்டு இருக்க முடியுமா?"

"பழகிடும்" என்றான். அவள் வந்து அவன் பக்கத்தில் நின்று, ஜன்னலை ஒரு விரல் அளவுக்கு மட்டும் திறந்து வைத்தாள்.